இடிபாட்டு ஜல்லியும் எஃகு இழையும் போட்டால் பீமில் ரிங்கைக் குறைக்கலாமா?

மியான்மரின் மாண்டலேயிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் அவருடைய பெரியப்பா வீட்டின் மாடி சரிந்துவிட்டது. இடிந்த கான்கிரீட் மனையிலேயே குவிந்து கிடக்கிறது. அதை உடைத்து ஜல்லியாக்கி, அதே இடத்தில் மறுபடி இரண்டு மாடி எழுப்ப நினைக்கிறார்கள். எஃகு இழை (கான்கிரீட்டில் கலக்கும் சிறு கம்பித் துண்டுகள்) விற்க வந்த ஒருவர், "கனமீட்டருக்கு 30 கிலோ இழை கலந்துவிட்டால் பழைய ஜல்லியின் குறை தீர்ந்துவிடும். பீமில் ரிங்கை ஓர் அடிக்கு ஒன்று என்று தள்ளிக் கட்டினால் போதும், இழைக்கான செலவு அதிலேயே வந்துவிடும்" என்று சொல்லியிருக்கிறார். ரிங் என்பது பீமின் நீளக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையம். பீம் வெட்டுவிசையை, அதாவது அதைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசையை, தாங்குமா என்று தம்பி கேட்கிறார்.

ரிங்கைத் தள்ளிக் கட்டாதீர்கள், தம்பி. பழைய ஜல்லியைப் பயன்படுத்தலாம், அதற்கு வழி இருக்கிறது. இழையும் நல்ல பொருள்தான். ஆனால் இந்த இரண்டையும் காட்டி ரிங்கைக் குறைக்கச் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். நான் பெகுவில் பிறந்தவன், யாங்கோனில் இருபது வருடத்துக்கு மேல் கட்டட வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். நிலநடுக்கத்துக்குப் பிறகு மாண்டலே பக்கம் வந்து பார்த்த வீடுகளில் எனக்கு மனதில் நிற்பது தூணும் பீமும் சேரும் இடத்தில் வாய் திறந்து கிடந்த ரிங்குகள்தான். அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வெட்டுவிசை பற்றி. ஒரு பீம் வளைந்து உடைவதென்றால் அது முன்கூட்டியே தெரியவரும். நடு இடத்தில் அடிப்பக்கம் மெல்லிய விரிசல்கள் விழும், பீம் தொய்யும், பூச்சு உதிரும், கீழே இருக்கிற கதவு இறுகும். வீட்டில் இருக்கிறவர்கள் வெளியேற நேரம் கிடைக்கும். வெட்டுவிசையில் உடைகிற பீம் அப்படியில்லை. தூணுக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு விரிசல் விழுந்து, மேலும் கீழும் ஓடி, பீம் ஒரே அடியாக இறங்கிவிடும். 1955இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஷெல்பி என்ற ஊரில் விமானப்படைக் கிடங்கின் கூரை இப்படித்தான் விழுந்தது. 914 மி.மீ. ஆழமுள்ள பெரிய பீம்கள் அவை. விரிந்த இடத்தில் ரிங்கே இல்லை. அக்காலக் கணக்குப்படி கான்கிரீட்டே தாங்கியிருக்க வேண்டும், தாங்கவில்லை. பீம் ஆழமாக ஆக, ரிங் இல்லாத கான்கிரீட் சதுர அங்குலத்துக்குத் தாங்கும் வெட்டுவிசை குறைந்துகொண்டே போகும் என்பது அதற்குப் பிந்தைய சோதனைகளில்தான் நன்றாகத் தெரியவந்தது. அமெரிக்கக் கான்கிரீட் விதிநூல் இந்த ஆழக் குறைப்பைப் பொதுவான பீம் கணக்கில் சேர்த்ததே 2019 பதிப்பில்தான். நம் நாட்டில் பெரும்பாலான பொறியாளர்கள் அந்த நூலைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறோம் என்பதால், பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

ரிங் இல்லாத பீமில் சாய்வு விரிசல் விழுந்த பிறகு பாரம் எப்படித் தூணுக்குப் போகிறது? மேல்பக்கம் இன்னும் விரியாமல் அழுத்தத்தில் இருக்கும் கான்கிரீட் ஒரு பங்கைச் சுமக்கிறது. விரிசலின் இரண்டு முகங்களிலும் துருத்திக்கொண்டிருக்கும் ஜல்லிகள் ரம்பப் பற்கள்போல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இன்னொரு பங்கைச் சுமக்கின்றன. அடியில் ஓடும் நீளக்கம்பி விரிசலைக் குறுக்கே கடக்கும் இடத்தில் ஆணிபோல நின்று கொஞ்சம் தாங்குகிறது. பழைய ஜல்லி கெடுப்பது முக்கியமாக இந்த இரண்டாவதையும் மூன்றாவதையும்.

உடைத்த கான்கிரீட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். உள்ளே கல் இருக்கும், அதைச் சுற்றி பழைய சிமெண்ட் காரை ஒட்டியிருக்கும். அந்தக் காரை நுண்துளை நிறைந்தது, உடைக்கிறபோது அதற்குள் மெல்லிய விரிசல்களும் விழுந்திருக்கும். புதுக் கலவையில் போட்டதும் கல்லுக்கும் பழைய காரைக்கும் இடையே ஓர் எல்லை, பழைய காரைக்கும் புதுக் காரைக்கும் இடையே இன்னோர் எல்லை என்று இரண்டு பலவீனமான எல்லைகள் உண்டாகின்றன. சாதாரணக் கான்கிரீட்டில் கல், காரையைவிட வலுவானது. அதனால் விரிசல் கல்லைச் சுற்றிக்கொண்டு வளைந்து வளைந்து போகும், முகம் கரடுமுரடாக இருக்கும், பற்கள் நன்றாகக் கவ்வும். பழைய ஜல்லியில் விரிசல் அந்தப் பழைய காரையை அறுத்துக்கொண்டு நேராகப் போய்விடும். முகம் வழவழப்பாகும், பிடி தளரும். நீளக்கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட்டும் கம்பியோடு பிளக்கத் தொடங்கும். ஸ்பெயினில் ஆ கொருன்யா பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்ட சோதனையில், கருங்கல் ஜல்லியில் பாதியை மாற்றியபோது பீம் தாங்கிய பாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நீளக்கம்பியை ஒட்டிய பிளவு விரிசல்கள் கூடுதலாகத் தெரிந்தன. நிலநடுக்கப் பகுதியில் இருக்கிற நமக்கு இந்தப் பின்பாதிதான் முக்கியம்.

அளவு எவ்வளவு என்று கேட்டால்: கால் பங்கு வரை மாற்றினால் வெட்டுவலிமையில் வித்தியாசம் சோதனைகளில் கண்ணுக்குத் தெரிவதில்லை. முழுவதும் மாற்றி, ரிங் இல்லாமல் சோதித்த பீம்களில் பத்து சதவீதம், இருபது சதவீதம், சில இடங்களில் அதற்கும் மேல் குறைந்திருக்கிறது, குறையாத பீம்களும் உண்டு. தாய்க் கான்கிரீட் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து இது மாறும். வலுவான பழைய கான்கிரீட்டை உடைத்தால் நல்ல ஜல்லி வரும். கையால் கலந்து, தண்ணீர் தாராளமாக ஊற்றிப் போட்ட கான்கிரீட்டை உடைத்தால் வருவது வேறு. பெரியப்பா வீடு விழுந்திருக்கிறது என்றால் அந்தக் கான்கிரீட்டைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இந்தியத் தரநூல் ஐ.எஸ். 383 இதில் தெளிவாகப் பேசுகிறது. 2016 பதிப்பின்படி, கம்பி போட்ட கான்கிரீட்டில் உடைத்த கான்கிரீட் ஜல்லி 20 சதவீதம் வரைதான், அதுவும் எம்25 தரம் (28 நாளில் 25 மெகாபாஸ்கல் வலிமை) வரைதான். கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம். எம்15க்குக் கீழே உள்ள, சிமெண்ட் குறைந்த ஒல்லிக் கலவையில் மட்டும் முழுவதும் போடலாம். செங்கல், ஓடு எல்லாம் கலந்த இடிபாட்டைக் கம்பிக் கான்கிரீட்டில் சேர்க்கவே அனுமதி இல்லை. ஐரோப்பிய நாடுகள் இதைவிடத் தாராளமாக இருக்கின்றன. அங்கே இடிபாட்டைத் தரம் பிரித்து, கழுவி, சோதித்து, சான்றோடு விற்கும் ஆலைகள் இருப்பதால் அது முடிகிறது. நம்மிடம் இருப்பது சுத்தியலும் ஒரு சிறு கிரஷரும்தான்.

இப்போது இழைக்கு வருகிறேன். விற்க வந்தவர் சொன்னது முழுப் பொய்யில்லை, அதனால்தான் ஆபத்து. முனை வளைந்த எஃகு இழை, 30 முதல் 60 மி.மீ. நீளம், விரிசல் விழுந்ததும் அதன் இரு பக்கத்தையும் தைத்துப் பிடிக்கிறது. விரிசல் அகலாமல் இருப்பதால் ஜல்லிப் பற்களும் கவ்விக்கொண்டே இருக்கும். பழைய ஜல்லி எதில் பலவீனமோ, சரியாக அந்த இடத்தில் இழை உதவுகிறது. கனஅளவில் ஒரு சதவீதம் போல இழை போட்ட முழுப் பழைய ஜல்லி பீம், இழை இல்லாத கருங்கல் ஜல்லி பீமைவிட அதிகம் தாங்கிய சோதனைகள் உண்டு. அதோடு உடைவதும் திடீரென்று இல்லாமல் நிதானமாக நடக்கிறது.

ஆனால் ஒரு சதவீதம் என்றால் கனமீட்டருக்கு சுமார் 78 கிலோ. உங்களுக்குச் சொல்லப்பட்ட 30 கிலோ அதில் பாதிகூட இல்லை. அமெரிக்க விதிநூல் 2008இலிருந்து, குறைந்தபட்ச ரிங்குக்குப் பதிலாக எஃகு இழையை அனுமதிக்கிறது. அதற்குப் போட்ட நிபந்தனைகள் இவை: பீமின் மொத்த ஆழம் 600 மி.மீ.க்குள், கான்கிரீட் வலிமை 40 மெகாபாஸ்கலுக்குள், இழை கனமீட்டருக்கு 60 கிலோவுக்குக் குறையக்கூடாது, விரிந்த பிறகும் எவ்வளவு தாங்குகிறது என்று வளைவுச் சோதனையில் காட்ட வேண்டும், பீமில் வரும் வெட்டுவிசை கான்கிரீட் தனியே தாங்கக்கூடிய அளவுக்குள் இருக்க வேண்டும். கணக்கில் ரிங் தேவையே இல்லாத பீமில், பாதுகாப்புக்காகக் கட்டச் சொல்லும் ரிங்குக்கு மட்டும்தான் அது மாற்று. கணக்கில் தேவைப்படும் ரிங்குக்கு மாற்று என்று அந்த நூல் எங்கேயும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டு பீமையே எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 9 அங்குல அகலம், 18 அங்குல ஆழம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 230க்கு 450 மி.மீ., கம்பி மையம் வரை 400. கான்கிரீட் 20 மெகாபாஸ்கல், அடிக்கம்பி பீம் வெட்டுமுகப் பரப்பில் ஒரு சதவீதம். சர்வதேசக் கான்கிரீட் கூட்டமைப்பின் மாதிரி விதிநூல் 2010இன் சூத்திரத்தில், பாதுகாப்புக் காரணி 1.5 சேர்த்துப் போட்டால், கருங்கல் ஜல்லிக் கான்கிரீட் மட்டும் தாங்குவது 51 கிலோ நியூட்டன், சுமார் ஐந்து டன். முழுப் பழைய ஜல்லிக்கு 15 சதவீதம் கழித்தால் 43. இதில் நல்ல இழை 60 கிலோ போட்டு, விரிந்த பிறகும் 0.8 மெகாபாஸ்கல் இழுவை நிற்கிறது என்று எடுத்துக்கொண்டால் சுமார் 74க்கு ஏறுகிறது. இழை கொடுத்தது 30 கிலோ நியூட்டன் போல. அந்தச் சூத்திரத்தில் இழையின் பங்கு கனமூலத்துக்குள் உட்கார்ந்திருப்பதால், இழையை இரட்டித்தாலும் பலன் இரட்டிக்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ரிங்கைப் பாருங்கள். 8 மி.மீ. கம்பியில் இரண்டு கால் ரிங், 6 அங்குலத்துக்கு ஒன்று. இந்திய விதிநூல் முறையில் அது மட்டுமே 97 கிலோ நியூட்டன் தாங்குகிறது. எடையில் பார்த்தால், ஒரு மீட்டர் பீமுக்கு ரிங் கம்பி சுமார் மூன்றே கால் கிலோ. 60 கிலோ கணக்கில் இழையோ ஒரு மீட்டர் பீமுக்கு ஆறு கிலோவுக்கு மேல். பாதி எடை எஃகில் மூன்று மடங்கு பலன் ரிங்கில் கிடைக்கிறது, கிலோவுக்கு இழை விலையும் கம்பியைவிட அதிகம். ரிங்கை ஓர் அடிக்குத் தள்ளினால் அந்த 97 பாதியாகிவிடும். அதைவிட மோசம், 400 மி.மீ. ஆழத்தில் சாய்ந்து போகும் விரிசல் ஒரே ஒரு ரிங்கை மட்டும் வெட்டிக்கொண்டு போகவோ, சாய்வு செங்குத்தானால் எதையும் தொடாமல் போகவோ இடம் கொடுத்துவிடும். இழைச் செலவு ரிங்கில் வந்துவிடும் என்ற பேச்சு உங்கள் வீட்டு அளவுக்குக் கணக்கிலேயே நிற்கவில்லை.

இதெல்லாம் நிலம் ஆடாத நாட்டுக் கணக்கு. சகாய்ங் என்ற நிலப்பிளவு உங்கள் ஊருக்கு மேற்கே வடக்கு தெற்காக ஓடுகிறது. மார்ச் 28 அன்று நகர்ந்தது அதுதான், 7.7 அளவு. அதே பிளவு 1930 மே மாதம் எங்கள் பெகுவைத் தரைமட்டமாக்கியது. அங்குள்ள ஷ்வேமாடோ பகோடாவுக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். 1917 நடுக்கத்தில் உச்சியிலிருந்து விழுந்த பெரிய துண்டை இன்றும் அடிவாரத்தில் வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அதன்மேல் ஏறி விளையாடக் கூடாது என்று எங்கள் ஆச்சி கையைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது.

நிலம் ஆடும்போது பீமின் முனையில் வெட்டுவிசை மாறி மாறி வருகிறது. ஒரு தடவை ஒரு பக்கம் சாய்ந்து விரிசல், அடுத்த நொடி எதிர்ப்பக்கம் சாய்ந்து விரிசல், இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி. விரிசல் முகங்கள் திரும்பத் திரும்ப உரசிப் பற்கள் தேய்ந்து மாவாகின்றன. ஏற்கெனவே பலவீனமான பழைய காரை இன்னும் வேகமாக மாவாகும். முதல் ஆட்டத்தில் உருவப்பட்ட இழை, விரிசல் மூடும்போது திரும்பிப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. இதனால்தான் இந்திய நிலநடுக்கத் தரநூல் ஐ.எஸ். 13920, 2016 பதிப்பில், நிலநடுக்கப் பகுதி பீம்களில் வெட்டுவிசைக்குக் கான்கிரீட்டின் பங்கைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது என்கிறது. மொத்தமும் ரிங்தான். அமெரிக்க நூலும் நிலநடுக்க விசை மேலோங்கும் பீம்முனைகளில் கான்கிரீட் பங்கைச் சுழியாக்குகிறது. அப்படியானால் மேலே போட்ட 43ம் 51ம் அந்த இடத்தில் எதற்கும் உதவாது. பழைய ஜல்லியா புது ஜல்லியா என்ற கேள்வியைவிட, ரிங் எப்படிக் கட்டியிருக்கிறது என்ற கேள்விதான் அங்கே உயிரைக் காக்கிறது. ரிங் செய்யும் இன்னும் இரண்டு வேலைகளை இழையால் செய்யவே முடியாது. நீளக்கம்பி பக்கவாட்டில் பிதுங்காமல் பிடிப்பதும், உள்ளிருக்கும் கான்கிரீட்டைக் கூடைபோலச் சுற்றிக் கட்டுவதும்தான் அவை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சியாட்டில் நகரில் உயரமான கட்டடங்களில், இரண்டு சுவர்களை இணைக்கும் குட்டை பீம்களில் இழைக் கான்கிரீட் போட்டுக் கம்பியைக் குறைத்திருக்கிறார்கள். நிலநடுக்கப் பகுதிதான் அது. பல்கலைக்கழக ஆய்வகத்தில் முழு பீமையும் முன்னும் பின்னும் ஆட்டிச் சோதித்து, வலுவான கான்கிரீட்டில் 1.5 சதவீத அளவுக்கு இழை போட்டுச் செய்தது. ரிங் அதிலும் இருக்கிறது. மனையில் நின்று மிக்ஸரில் கலக்கும் வேலைக்கு அதை எடுத்துக்காட்டாகக் கொள்ள முடியாது.

குவியலை என்ன செய்யலாம்? முதலில் செங்கல்லைத் தனியாகப் பிரியுங்கள். மாண்டலே வீடுகளில் சுவர் செங்கல்தான் என்பதால் குவியலில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்கும். செங்கல் தூள் தண்ணீரை வெகுவாகக் குடிக்கும். ஜிப்சம் பூச்சு, பலகை எதுவும் கலக்கக் கூடாது. ஜிப்சம் சிமெண்டோடு சேர்ந்து உள்ளிருந்தே ஊதி உடைக்கும். செங்கல் சக்கை தரை நிரப்பவும், முற்றத்துக்கும், நடைபாதை அடியிலும் போகட்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மானியர்கள் நகரம் நகரமாகக் கிடந்த செங்கல் இடிபாட்டை உடைத்துக் கான்கிரீட் போட்டார்கள், 1951இல் அதற்கென்று தனித் தரநூலே எழுதினார்கள். நம்மிடம் அப்படி ஒரு நூல் வரும்வரை அதைத் தூணிலும் பீமிலும் போட வேண்டாம்.

சுத்தமான கான்கிரீட் துண்டுகளை 20 மி.மீ.க்கு உடைத்து, தூளைச் சலித்து நீக்குங்கள். மணலுக்குப் பதில் அந்தத் தூளைப் போட வேண்டாம், ஐராவதி ஆற்று மணலே இருக்கட்டும். பிறகு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அடுப்பில் நன்றாகக் காயவைத்த ஜல்லி 5 கிலோ நிறுத்து எடுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, துணியால் மேல்ஈரம் துடைத்து மறுபடி நிறுங்கள். 5 கிலோ 350 கிராம் வந்தால் 7 சதவீதம் குடித்திருக்கிறது. கருங்கல் பெரும்பாலும் ஒரு சதவீதம் போலத்தான் குடிக்கும். 5 சதவீதத்துக்குள் வந்தால் நல்ல ஜல்லி. 10ஐத் தாண்டினால் வீட்டு அமைப்பில் எதற்கும் வேண்டாம்.

தேறிய ஜல்லியை அடித்தளத்துக்குக் கீழே போடும் ஒல்லிக் கலவையில் முழுவதுமாகப் போடுங்கள், அதில் பெரும்பகுதி அங்கேயே தீரும். வீட்டின் கீழ்த்தளத் தரை, கார் நிற்கும் இடம், வாய்க்கால் மூடிப் பலகை, மதில் பிளாக் இவற்றுக்கும் ஏற்றது. இழை வாங்கியே ஆக வேண்டும் என்றால் அந்தத் தரையில் போடுங்கள், அங்கே அது தன் வேலையைச் செய்யும். பீமிலும் மாடித் தளத்திலும் ஐந்தில் ஒரு பங்கு ஜல்லியை மட்டும் மாற்றலாம், அதற்கும் க்யூப் (சோதனைக்கான கான்கிரீட் கட்டி) போட்டு 28 நாள் சோதனை பார்த்த பிறகு. தூணில் நான் கருங்கல் ஜல்லி மட்டுமே போடுவேன். கீழ்த்தளத் தூண்கள் உடைந்து வீடுகள் அப்படியே உட்கார்ந்ததை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள்.

கலக்கும்போது பழைய ஜல்லியை முந்தைய நாளே நனைத்து, மேல்ஈரம் வடிந்த நிலையில் போட வேண்டும். காய்ந்ததைப் போட்டால் கலவைத் தண்ணீரை அது உறிஞ்சிவிடும், கொத்தனார் கலவை இறுகுகிறதென்று மேலும் தண்ணீர் ஊற்றுவார், வலிமை அங்கேயே போய்விடும். தண்ணீரை இரண்டு தவணையாக ஊற்றிக் கலக்கும் முறையை ஹாங்காங்கில் 2005இல் சோதித்துக் காட்டினார்கள். மணலும் ஜல்லியும் போட்டுப் புரட்டி, பாதித் தண்ணீர் விட்டு, பிறகு சிமெண்ட், கடைசியில் மீதித் தண்ணீர். பழைய காரையின் துளைகளில் சிமெண்ட் பால் புகுந்து அடைத்துக்கொள்கிறது. செலவு ஒன்றும் கூடுவதில்லை. தரைக்கு இழை போடுவதானால் எல்லாம் கலந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் பந்துபந்தாகச் சுருண்டு, அந்த இடத்தில் கான்கிரீட்டே இருக்காது. தலைமுடிபோல மெல்லிய பிளாஸ்டிக் இழையையும் சிலர் இதோடு சேர்த்து விற்கிறார்கள். கனமீட்டருக்கு 900 கிராம் போடுவது அது. கான்கிரீட் இறுகும்போது மேற்பரப்பு வெடிக்காமல் காக்கும், வெட்டுவிசைக்கு ஒன்றும் செய்யாது.

பீம் முனைகளில் ரிங் கட்ட வேண்டிய அளவைக் கம்பி கட்டுபவரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள். தூண் முகத்திலிருந்து 2 அங்குலத்துக்குள் முதல் ரிங். அங்கிருந்து பீம் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் வரை, உங்கள் 18 அங்குல பீமுக்கு மூன்றடி, ரிங் இடைவெளி 4 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. நீளக்கம்பி 16 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் இன்னும் நெருக்கம். நடுவில் 6 அங்குலம் போதும். கொக்கியை 90 பாகையில் மடித்து விடாமல் 135 பாகைக்கு உள்பக்கம் மடித்து, முனை குறைந்தது 65 மி.மீ. கான்கிரீட்டுக்குள் போக வேண்டும். தூணும் பீமும் சேரும் கூட்டுக்குள்ளும் ரிங் வர வேண்டும். அங்கே கட்டக் கை நுழையாது என்று விட்டுவிடுவார்கள், நின்று கட்டச் சொல்லுங்கள். சென்டரிங் மேல் கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு கூட்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள் தம்பி. ஜல்லி ஊறவைத்த கணக்கையும் சேர்த்து அனுப்பினால் 20 சதவீதம் போடலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.